பங்கு ஒருவரிடம், வாக்கு வேறொருவரிடம்

2012 மே மாதம் மெயில்.ரு குழுமம் ஒரு வினோதமான அறிவிப்பை வெளியிட்டது. ரஷ்யாவின் மிகப் பெரிய சமூக வலைத்தளமான விகொன்தாக்தேயில் அந்தக் குழுமத்துக்கு அப்போது 39.99 சதவீதப் பங்கு இருந்தது. அந்தப் பங்குகளுக்குரிய வாக்குரிமை முழுவதையும், தளத்தை நிறுவிய பாவெல் துரோவிடம் ஒப்படைப்பதாகக் குழுமம் சொன்னது. துரோவுக்கு வயது 27. அவர் கையில் இருந்த சொந்தப் பங்கு 12 சதவீதம். இரண்டையும் கூட்டினால் பாதியைத் தாண்டுகிறது. ஆக, எட்டில் ஒரு பங்குகூட முழுதாக இல்லாத ஒருவர், கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தின் தனி அதிகாரி ஆனார்.

வினோதம் அதோடு முடியவில்லை. முந்தைய ஆண்டுதான், தன் தளத்தை விழுங்கப் பார்க்கிறது என்று இதே மெயில்.ரு குழுமத்தின் மீது சீறிய துரோவ், நடுவிரலை நீட்டியபடி ஒரு படத்தை எடுத்து, அதுவே தன் அதிகாரபூர்வமான பதில் என்று இணையத்தில் போட்டிருந்தார். அவமதிக்கப்பட்டவரே அவமதித்தவருக்கு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தார். வீடு ஒருவருடையது, சாவி இன்னொருவரிடம். இந்த ஏற்பாடு நீடித்திருந்தால்தான் ஆச்சரியம்.

விகொன்தாக்தேயின் (இப்போது வி.கே. என்ற சுருக்கப் பெயரே வழக்கு) கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதைச் சுதந்திர விரும்பியான ஓர் இளைஞனுக்கும் கிரெம்ளினுக்கும் நடந்த சண்டையாகவே சொல்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் கோணத்தில் மட்டும் பார்த்தால் முக்கியமான ஒன்று கண்ணில் படாது. இந்தத் தளத்தை அரசு ஒருநாளும் பறிமுதல் செய்யவில்லை. நாட்டுடைமை ஆக்கும் ஆணை எதுவும் வெளிவரவில்லை. 2007 முதல் 2021 வரை நடந்தவை எல்லாம் பங்கு விற்பனைகள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கையொப்பம் உண்டு, வணிகக் காரணமும் உண்டு. வரிசையாகப் பார்த்தால்தான் அவை எந்தத் திசையில் சென்றன என்பது தெரிகிறது.

துரோவ் 1984 இல் லெனின்கிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்தவர். தந்தை செவ்வியல் மொழியியல் பேராசிரியர். அவர் பணி நிமித்தம் இத்தாலியின் துரின் நகரில் வாழ்ந்ததால், மகனின் பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதி அங்கே கழிந்தது. அண்ணன் நிகொலாய் கணித மேதை. உலகக் கணித ஒலிம்பியாடில் மூன்று முறை தங்கம் வென்றவர். தம்பி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழியியல் படித்துக்கொண்டே, மாணவர்கள் பாடக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளவும் விவாதிக்கவும் தளங்கள் அமைத்துக் கொடுத்தார். பள்ளித் தோழர் வியாசெஸ்லாவ் மிரிலாஷ்விலி அமெரிக்காவில் படித்தவர். அங்கே ஃபேஸ்புக் பரவுவதை நேரில் பார்த்தவர். அவருடைய தந்தை மிகயீல் வசதியான தொழிலதிபர். மிரிலாஷ்விலியின் நண்பர் லெவ் லெவியெவும் சேர்ந்துகொண்டார். 2006 அக்டோபரில் தளம் பிறந்தது. தோற்றம், அமைப்பு, நீலநிறம் எல்லாமே ஃபேஸ்புக்கின் சாயல். அதை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை.

தொடக்கத்திலேயே பணம் போட்டவரும் தளத்தைக் கட்டியவரும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். ஊடகங்களில் வெளியான கணக்குப்படி மிரிலாஷ்விலி குடும்பத்துக்கு 70 சதவீதம், துரோவுக்கு 20, லெவியெவுக்கு 10. புதிய முதலீடு வர வர எல்லார் பங்கும் சுருங்கியது. துரோவுக்குக் கடைசியில் நின்றது அந்த 12.

வளர்ச்சி வேகமாக இருந்தது. 2007 ஜூலையில் 10 லட்சம் பேர், 2008 ஏப்ரலில் ஒரு கோடி. அதே ஆண்டு டிசம்பரில், பள்ளித் தோழர்களைத் தேடுவோருக்காக ஆல்பர்ட் பாப்கோவ் தொடங்கியிருந்த அத்னகிளாஸ்னிகியை முந்தி, ரஷ்யாவின் முதலிடத்துக்கு வந்தது. இந்த ஓட்டத்துக்கு ஒரு காரணத்தை நாசூக்காகச் சொல்ல வழியில்லை: திரைப்படமும் பாட்டும் அங்கே இலவசம். பயனர்கள் ஏற்றிய திருட்டுப் பிரதிகள் குவிந்து கிடந்தன. அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் பெயர்பெற்ற திருட்டுச் சந்தைகள் பட்டியலில் தளத்தின் பெயர் ஆண்டுதோறும் வந்தது. சோனி, யூனிவர்சல், வார்னர் ஆகிய இசை நிறுவனங்கள் 2014 இல் வழக்குப் போட்டன; பின்னர் வி.கே. உரிமம் பெற்றுக் கணக்குத் தீர்த்துக்கொண்டது. தகவல் சுதந்திரம் பற்றித் துரோவ் பேசியதில் பாதி கொள்கை என்றால், மீதிப் பாதி இந்த வியாபார வசதி என்று சந்தேகப்படுவது அநியாயம் ஆகாது.

2010 இல் அலுவலகம் நெவ்ஸ்கி சாலையில் உள்ள சிங்கர் மாளிகைக்குக் குடியேறியது. நம் ஊர் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து கிடக்கும் தையல் இயந்திரத்தின் அதே சிங்கர் நிறுவனம், 1900களின் தொடக்கத்தில் தன் ரஷ்யத் தலைமையகமாகக் கட்டிய கண்ணாடிக் கோபுரக் கட்டடம் அது. கீழ்த்தளத்தில் புகழ்பெற்ற புத்தகக் கடை. 2012 மே மாதத்தில், நகர விழா நாளன்று, அந்தக் கட்டடத்தின் சன்னலிலிருந்து 5,000 ரூபிள் நோட்டுகளைக் காகித விமானங்களில் செருகித் தெருவில் பறக்கவிட்டார்கள். கீழே அடிதடி. நாடே திட்டியது. வாக்குரிமை கைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான்.

அந்த வாக்குரிமையைக் கொடுத்தவர் யார்?

2007 இலேயே யூரி மில்னர் தலைமையிலான டி.எஸ்.டி. என்ற முதலீட்டு நிறுவனம் வி.கே.யில் கால்பங்கு வாங்கிவிட்டது. 2009 இல் ஃபேஸ்புக்கிலேயே 20 கோடி டாலர் போட்டு 1.96 சதவீதம் வாங்கி உலகின் கவனத்தை ஈர்த்த நிறுவனம் அது. அதன் பின்னால் நின்ற பெரும் பணக்காரர், உஸ்பெகிஸ்தானில் பிறந்து ரஷ்யாவில் உலோகத் தொழிலில் செல்வம் குவித்த அலிஷேர் உஸ்மானவ். 2010 இல் டி.எஸ்.டி.யின் ரஷ்யச் சொத்துகள் மெயில்.ரு குழுமம் என்ற பெயருக்கு மாறி, லண்டன் பங்குச் சந்தையில் 91.2 கோடி டாலர் திரட்டின. பங்குதாரர் பட்டியலில் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் இருந்தது, சீனாவின் டென்சென்ட் இருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாணவர்களின் தளத்தில் கேப் டவுன் பத்திரிகை முதலாளிகளுக்கும் ஷென்ஷென் விளையாட்டு நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது என்பது அந்த ஆண்டுகளின் நம்பிக்கையைக் காட்டுகிறது. ரஷ்ய இணையம் உலகச் சந்தையின் ஒரு பகுதி, அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்த காலம்.

உஸ்மானவ் ஏன் வாக்கை விட்டுக்கொடுத்தார் என்பதற்கு வணிக விளக்கம் எளிது. வி.கே.யைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தது. நிறுவனர் சண்டைக்கு நின்றால் அதன் மதிப்பு விழும். ஆனால் ஃபேஸ்புக்கின் பங்கு வெளியீடு அதே மே மாதம் சொதப்பியது. சமூக வலைத்தளங்கள் மீதான முதலீட்டாளர் நம்பிக்கையை அது உடைத்துவிட்டது என்று சொல்லித் துரோவ் தன் தளத்தின் வெளியீட்டைக் காலவரையின்றித் தள்ளிவைத்தார். அப்போது பங்குச் சந்தைக்குப் போயிருந்தால் பின்னர் நடந்த கைமாற்றங்கள் இத்தனை ஓசையின்றி நடந்திருக்குமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

இதற்கிடையில் அரசியல் உள்ளே வந்துவிட்டது. 2011 டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் முறைகேடுகளை எதிர்த்து மாஸ்கோவில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். எதிர்க்கட்சிக் குழுக்களை முடக்கும்படி பாதுகாப்புச் சேவையான எஃப்.எஸ்.பி. கடிதம் எழுதியது. துரோவ் அந்தக் கடிதத்தை வெளியிட்டு, பக்கத்திலேயே நாக்கை நீட்டிய நாயின் படத்தைப் போட்டார். சில நாளில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்த அவருக்கு, அண்ணனோடு ஒட்டுக்கேட்பு பயமின்றிப் பேச ஒரு வழியும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்ததாம். டெலிகிராமின் விதை அங்கே விழுந்தது என்று பின்னர் அவரே சொன்னார்.

2013 ஏப்ரலில் எல்லாம் ஒன்றாக வந்தன. மாதத் தொடக்கத்தில், துரோவ் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட கார் ஒரு போக்குவரத்துக் காவலர் மீது மோதியதாகப் புகார். ஓட்டியது தானல்ல என்றார் அவர். அந்தப் புகாரைக் காட்டி அலுவலகத்தில் சோதனை. சோதனை நடந்த அதே நாட்களில் இன்னொரு செய்தி கசிந்தது: மிரிலாஷ்விலியும் லெவியெவும் தங்களிடமிருந்த 48 சதவீதத்தையும் யுனைடெட் கேபிடல் பார்ட்னர்ஸ் (யு.சி.பி.) என்ற நிதியத்துக்கு விற்றுவிட்டார்கள். துரோவுக்கு முன்கூட்டித் தெரியாது. நிதியத்தின் தலைவர் இல்யா ஷெர்போவிச், அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டின் இயக்குநர் குழுவில் இருந்தவர். ரோஸ்நெஃப்டின் தலைவர் இகோர் செச்சின், புதினின் நெருங்கிய சகா.

இது கிரெம்ளினின் கையா, இல்லை லாபம் தேடும் ஒரு நிதியமா? யு.சி.பி. அரசியல் தொடர்பை மறுத்தது. அதன் குற்றச்சாட்டு வேறு: வி.கே.யின் ஆட்களையும் வளங்களையும் பயன்படுத்தித் துரோவ் தனக்கென்று டெலிகிராமை உருவாக்கிக்கொண்டார் என்பது. டெலிகிராம் 2013 ஆகஸ்டில் வெளிவந்தது. பங்குதாரர் பார்வையில் அது கேட்கத் தகுந்த கேள்விதான். துரோவின் ரசிகர்கள் இதைப் பேசுவதில்லை. வழக்குகள் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் நீதிமன்றம் வரை போயின. வி.கே.யின் உடைமை அந்தத் தீவுகளில் பதிவான நிறுவனங்களின் வழியேதான் இருந்தது. ரஷ்ய மண்ணில் நடந்த சண்டையின் தீர்ப்புக்குக் கரீபியக் கடலோரம் போக வேண்டியிருந்தது.

அரசின் நெருக்கமும் நிற்கவில்லை. 2013 டிசம்பரில், உக்ரைனின் மைதான் போராட்டக் குழுக்களை நடத்துவோரின் விவரங்களை எஃப்.எஸ்.பி. கேட்டது. உக்ரைனியர்கள் மீது ரஷ்யாவுக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று துரோவ் மறுத்தார். 2014 மார்ச்சில், எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸேய் நவால்னி தொடர்பான குழுவை மூடும்படி உத்தரவு, அதையும் மறுத்தார். ஆனால் இந்த இரண்டு மறுப்புகளுக்கும் இடையே, சனவரியில், தன் 12 சதவீதத்தை விற்றுவிட்டிருந்தார். வாங்கியவர் மெகாஃபோன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமை நிர்வாகி இவான் தாவ்ரின். மெகாஃபோன் உஸ்மானவின் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனம். மார்ச்சில் அந்தப் பங்கு தாவ்ரினிடமிருந்து மெயில்.ரு குழுமத்துக்குப் போனது. 40 உடன் 12 சேர்ந்து 52. உஸ்மானவ் தரப்புக்கு இனி துரோவின் தயவு வேண்டியதில்லை.

பிறகு நடந்தது நாடகம். ஏப்ரல் முதல் நாள் பதவி விலகுவதாக அறிவித்தார் துரோவ். இரண்டு நாள் கழித்து அது ஏப்ரல் முட்டாள்கள் தின வேடிக்கை என்றார். 16 ஆம் தேதி எஃப்.எஸ்.பி.யின் கடிதங்களை எல்லாரும் பார்க்கப் போட்டார். 21 ஆம் தேதி, விலகல் கடிதம் முறைப்படி திரும்பப் பெறப்படவில்லை என்று காரணம் சொல்லி நிறுவனம் அவரை நீக்கியது. செய்தி அவருக்குப் பத்திரிகைகள் வழியாகத்தான் தெரிந்ததாம். தளம் இனி செச்சின், உஸ்மானவ் இருவரின் முழுக் கட்டுப்பாட்டில் என்று எழுதிவிட்டு நாட்டை விட்டு வெளியேறினார். செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் தீவு நாட்டின் குடியுரிமையை, அதன் சர்க்கரைத் தொழில் நிதிக்கு 2,50,000 டாலர் கொடுத்து ஏற்கெனவே பெற்றிருந்தார்.

செப்டம்பரில் மெயில்.ரு குழுமம் யு.சி.பி.யிடமிருந்த 48.01 சதவீதத்தையும் 147 கோடி டாலருக்கு வாங்கியது. வழக்குகள் கைவிடப்பட்டன, டெலிகிராம் துரோவிடமே நின்றது. செச்சினின் ஆள் என்று சொல்லப்பட்ட நிதியம் ஒன்றரை ஆண்டில் விற்றுவிட்டுப் போனதைப் பார்த்தால், அரசின் ஒற்றைத் திட்டம் என்ற விளக்கம் கொஞ்சம் தளர்கிறது. அதிகார வட்டத்துக்கு அருகில் இருந்த பல பணக்காரர்கள் ஒரே பொருளுக்குப் போட்டியிட்டார்கள், எவர் வென்றாலும் அரசுக்கு நட்டமில்லை என்று படிப்பதே பொருத்தம்.

புதிய தலைமைக்கு வந்தவர் பொரிஸ் தொப்ரொதேயெவ். அரசுத் தொலைக்காட்சி நிறுவனத் தலைவரின் மகன். துரோவ் இருந்தபோதே ரஷ்யச் சட்டம் இறுகத் தொடங்கியிருந்தது. அவர் போன பின் எதிர்த்து நிற்க ஆளில்லை. விளைவைச் சாதாரணப் பயனர்கள் அனுபவித்தார்கள். குற்றவியல் சட்டத்தின் 282 ஆம் பிரிவு, பகைமையைத் தூண்டுவது பற்றியது. ஒரு கேலிப் படத்தைச் சேமித்ததற்கும் மறுபகிர்வு செய்ததற்கும் அதன்கீழ் வழக்குகள் பாய்ந்தன. சைபீரியாவின் பர்னவுல் நகரம் இதற்குப் பேர்போனது. இத்தகைய வழக்குகளில் மிகப் பெரும்பான்மை வி.கே. பதிவுகளால் எழுந்தவை என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. காரணம் புரியாததல்ல: ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்நிய நாட்டுச் சேவையகங்களில் இருந்தன, இது மாஸ்கோவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிர்ப்பு பெருகி இளைஞர்கள் கணக்குகளை மூடத் தொடங்கியதும், 2018 ஆகஸ்டில் மெயில்.ரு குழுமமே இவ்வாறு தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்று அறிக்கை விட்டது. ஆண்டு இறுதியில் முதல் முறை செய்யும் குற்றம் சிறைக்குரியதல்ல என்று சட்டம் திருத்தப்பட்டது.

எல்லைக்கு அப்பாலும் உடைமையின் நிழல் நீண்டது. 2017 மே மாதம் உக்ரைன் அதிபர் பொரொஷென்கோ, வி.கே., அத்னகிளாஸ்னிகி, ரஷ்யத் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸ் ஆகியவற்றைத் தடைசெய்தார். உக்ரைனிலும் மிகப் புழக்கத்தில் இருந்த தளம் ஒரே ஆணையில் சட்டத்துக்குப் புறம்பானது. கருத்துச் சுதந்திர அமைப்புகள் அந்தத் தடையைக் கண்டித்தன.

இனி எண்களுக்கு வருவோம். இந்தக் கதையின் மையமே அங்கேதான். மெயில்.ரு குழுமத்தில் இரண்டு வகைப் பங்குகள். சாதாரணப் பங்குக்கு ஒரு வாக்கு, ஏ வகைப் பங்குக்கு 25 வாக்கு. ஏ வகையை வைத்திருப்பவர் கொஞ்சம் பணத்தில் நிறைய ஆளலாம். 2017 இல் உஸ்மானவ் தரப்பிலிருந்து மெகாஃபோன் 15.2 சதவீதப் பங்கை 74 கோடி டாலருக்கு வாங்கியபோது, கூடவே வந்த வாக்கு 63.8 சதவீதம். அடுத்த ஆண்டு இந்த ஏ வகைப் பங்குகளுக்கென்றே எம்.எஃப். டெக்னாலஜீஸ் என்ற தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. அதில் காஸ்ப்ரோம் வங்கியும், ஆயுத உற்பத்தி அரசுக் கழகமான ரோஸ்டெக்கும் கூட்டாளிகள். அரசு வாசலைத் தாண்டியது இந்தக் கட்டத்தில்தான். பத்திரிகைகளில் பெரிய பரபரப்பு இல்லை.

2021 அக்டோபரில் குழுமமே வி.கே. என்று பெயர் மாற்றிக்கொண்டது. டிசம்பரில் உஸ்மானவ் முற்றாக விலகினார். எம்.எஃப். டெக்னாலஜீஸ் கட்டுப்பாடு சோகாஸ் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காஸ்ப்ரோம் மீடியாவுக்கும் போனது. சோகாஸில் புதினின் பழைய நண்பரான வங்கியாளர் யூரி கவல்சுக்குக்குப் பங்கு உண்டு. காஸ்ப்ரோம் மீடியாவின் தலைவர் அலெக்சாந்தர் ஷாரொவ். அதற்கு முன் ரோஸ்கொம்நத்சோர் என்ற தணிக்கைத் துறைக்குத் தலைமை வகித்து, 2018 இல் டெலிகிராமைத் தடைசெய்ய முயன்று தோற்றவர். இந்த இரு நிறுவனங்களுக்கும் கைமாறிய பொருளாதாரப் பங்கு ஏறத்தாழ 4.8 சதவீதம். வாக்கு 57.3 சதவீதம். துரோவைக் காப்பாற்ற 2012 இல் பயன்பட்டது இதே தந்திரம்: பணத்தை ஓரிடத்திலும் வாக்கை வேறிடத்திலும் வைப்பது. அதே தந்திரம் ஒன்பதாண்டு கழித்து, மிக மலிவாக, மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

தொப்ரொதேயெவ் உடனே விலகினார். பத்து நாளில் புதிய தலைமை நிர்வாகி வந்தார்: விளாதிமிர் கிரியென்கோ. தந்தை செர்கேய் கிரியென்கோ முன்னாள் பிரதமர். அதிபர் அலுவலகத்தில் உள்நாட்டு அரசியலைக் கவனிப்பவர். பத்து வாரம் கழித்து ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன.

போரோடு போட்டியாளர்கள் மறைந்தார்கள். 2022 மார்ச்சில் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ரஷ்யாவில் முடக்கப்பட்டன. மெட்டா நிறுவனம் தீவிரவாத அமைப்பு என்று நீதிமன்றம் அறிவித்தது. நாஸ்பர்ஸின் துணை நிறுவனமான புரோசஸ், கால்பங்குக்கும் மேலான தன் முதலீட்டை முழு நட்டமாக எழுதித் தள்ளியது. செப்டம்பரில் யாண்டெக்ஸ், நாட்டின் மிகப் பெரிய செய்தித் திரட்டியையும் சென் என்ற பதிவுத் தளத்தையும் வி.கே.யிடம் கொடுத்துவிட்டு, மாற்றாக ஓர் உணவு விநியோகச் சேவையை வாங்கிக்கொண்டது. செய்தியைக் கொடுத்துச் சோற்றை வாங்கிய இந்தப் பண்டமாற்றில் யாண்டெக்ஸுக்கு வருத்தம் இருந்திருக்காது. செய்தி அப்போது ஆபத்தான சரக்கு. அதே மாதம் ஆப்பிள், பிரிட்டன் விதித்த தடைகளைக் காரணம் காட்டி வி.கே.யின் செயலிகளைத் தன் கடையிலிருந்து எடுத்தது. சில வாரங்களில் திரும்ப வைத்தது. 2023 இல் நிறுவனம் தன் பதிவை வர்ஜின் தீவுகளிலிருந்து கலினின்கிராதின் ஒக்தியாபர்ஸ்கி தீவுக்கு மாற்றிக்கொண்டது. தீவு விட்டுத் தீவுதான், ஆனால் இது ரஷ்யத் தீவு.

2025 இல் தேசியத் தூதஞ்சல் செயலி ஒன்று வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. அந்தப் பொறுப்பு வி.கே. உருவாக்கிய மேக்ஸ் என்ற செயலிக்குப் போனது. செப்டம்பர் முதல் ரஷ்யாவில் விற்கும் ஒவ்வொரு புதிய கைபேசியிலும் அது முன்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும். ஆகஸ்டில் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குரல் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆக, துரோவ் தொடங்கிய முதல் நிறுவனத்துக்கு இடம் கொடுக்க, அவர் தொடங்கிய இரண்டாவது நிறுவனம் ஒதுக்கப்படுகிறது. அவரோ 2024 ஆகஸ்டில் பாரிஸ் விமான நிலையத்தில் கைதாகி, டெலிகிராமில் நடக்கும் குற்றங்களுக்கு உடந்தை என்ற புகாரைப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் எதிர்கொண்டவர்.

போட்டியாளர் அகற்றப்பட்ட சந்தையில் வி.கே. கொழித்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2024 ஆம் ஆண்டில் அதன் நிகர நட்டம் 9,000 கோடி ரூபிளைத் தாண்டியது. யூடியூபுக்கு மாற்றாகக் காணொளித் தளம், சொந்தச் செயலிக் கடை, தேசியத் தூதஞ்சல் என்று செலவு மேல் செலவு. சாதாரண நிறுவனமாக இருந்தால் பங்குதாரர்கள் தலைமை நிர்வாகியைக் கேள்வி கேட்டிருப்பார்கள். இங்கே கிரியென்கோ பதவியில் நீடித்தார். 2025 இல் 11,000 கோடி ரூபிளுக்கு மேல் புதிய பங்குகள் வெளியிட்டுக் கடனைக் குறைத்துக்கொண்டார்கள்.